ஜெர்மனியில் ஞானஸ்நானத்துக்கும் வரி: நான் காலியாக விட்ட ஒரு கட்டம்

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கச்சி வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். "அண்ணா, பாப்பாவுக்கு டிசம்பர்ல ஞானஸ்நானம். நீதான் ஞானத்தகப்பன். டிக்கெட்டைப் போட்டுரு." சந்தோஷமாகப் போட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் போன். "புதுசா வந்திருக்க பங்குச்சாமியார் கொஞ்சம் கறாரு. நீ அங்க எந்தப் பங்குல இருக்கியோ, அங்கயிருந்து ஒரு லெட்டர் வேணுமாம். நீ கத்தோலிக்கன்தான், சர்ச்சோட சேர்ந்துதான் இருக்கன்னு அவங்க எழுதித் தரணுமாம்."

கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தையின் ஞானஸ்நானத்தில் பெற்றோருக்குப் பக்கத்தில் நின்று, இந்தப் பிள்ளையின் விசுவாசத்துக்கு நானும் பொறுப்பு என்று ஏற்பவர்தான் ஞானத்தகப்பன், ஞானத்தாய். எங்கள் கன்னியாகுமரி கடற்கரையில் அது ஒரு நாள் வேஷம் இல்லை, கல்யாணம் வரைக்கும் தொடர்கிற உறவு. அதற்குத் தகுதி என்று திருச்சபைச் சட்டம் சிலவற்றைச் சொல்கிறது: 16 வயது நிறைந்திருக்க வேண்டும், உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்றிருக்க வேண்டும், ஏற்கிற பொறுப்புக்குப் பொருந்துகிற வாழ்க்கை வாழ வேண்டும். எனக்கு எல்லாம் இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் பவாரியாவில் ஒரு நகரத்தில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். வீட்டிலிருந்து பங்கு அலுவலகம் பத்து நிமிட நடை. செயலர் அம்மா நல்ல மாதிரி. பெயர், பிறந்த தேதி, முகவரி கேட்டுக் கணினியில் தட்டினார். மறுபடியும் தட்டினார். "நீங்கள் எங்களிடம் இல்லையே" என்றார். ஞாயிறு பூசைக்கு வருவேனே, போன வாரம்கூட வந்தேனே என்றேன். "வருவீர்கள், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் இங்கே இல்லை" என்று திரையைக் காட்டினார். அப்புறம், கோபமே இல்லாமல், "நகர அலுவலகத்தில் பதிவு செய்யும்போது மதம் என்ற கட்டத்தில் என்ன எழுதினீர்கள்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குத்தான் எட்டு வருடமாக நான் பதில் சொல்லாமல் இருந்தேன்.

2016இல் ஜெர்மனிக்கு வந்த முதல் வாரம். வீடு கிடைத்ததும் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அதற்குப் பெயர் 'ஆன்மெல்டுங்'. அது இல்லாமல் வரி எண் கிடையாது, சம்பளம் ஒழுங்காக வராது. என்னோடு அலுவலகத்தில் சேர்ந்த சென்னைக்காரர் ஒருவர், முந்தைய நாள் ராத்திரியே சொல்லிவிட்டார்: "மதம்னு ஒரு கட்டம் வரும். அதைக் காலியா விட்டுரு. கத்தோலிக்னு எழுதினா மாசாமாசம் காசு போகும்." அவர் இந்து, அவருக்கு அதில் லாபநட்டம் எதுவும் இல்லை. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஒவ்வொரு தமிழ் வாட்ஸ்அப் குழுவிலும் புதிதாக வருகிறவர்களுக்கு இந்த அறிவுரை இன்றைக்கும் கிடைக்கிறது, வங்கிக் கணக்கு எங்கே தொடங்குவது, சிம் எது மலிவு என்பவற்றோடு சேர்த்து. நானும் காலியாக விட்டேன். கை நடுங்கியது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அந்தப் பணத்துக்குப் பெயர் 'கிர்ஷென்ஸ்டொயர்', சர்ச் வரி. வேறு நாடுகளில் இருக்கிற வாசகர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். பிரான்சில் 1905 முதல் அரசும் சர்ச்சும் தனித்தனி. லண்டனிலும் டொரன்டோவிலும் காணிக்கைத் தட்டு வரும், மனமிருந்தால் போடலாம். இத்தாலியில் வருமான வரியில் ஆயிரத்துக்கு எட்டு பங்கு யாருக்குப் போகவேண்டும் என்று குறித்துக் கொடுக்கலாம். ஆஸ்திரியாவில் கட்டாயப் பங்களிப்பு உண்டு, ஆனால் அரசு வசூலிப்பதில்லை, சர்ச்சே பில் அனுப்பும். ஜெர்மனியிலோ உங்கள் சம்பளப் பட்டியலிலேயே வரும். நீங்கள் கட்டுகிற வருமான வரியின் மேல் பவாரியாவிலும் பாடன் வூர்ட்டம்பெர்க்கிலும் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9 சதவீதம். கவனியுங்கள், சம்பளத்தில் அல்ல, வரியின் மேல். மாதம் ஆயிரம் யூரோ வருமான வரி போகிறது என்றால் எனக்கு 80 யூரோ. முதலாளி பிடித்து அரசின் நிதி அலுவலகத்துக்குக் கட்டுகிறார், அது தன் கூலியாக 2 முதல் 4 சதவீதம் எடுத்துக்கொண்டு மறைமாவட்டத்துக்கு அனுப்புகிறது. கத்தோலிக்கருக்கு மட்டுமல்ல, புராட்டஸ்டன்ட் சபைகளுக்கும், சில யூதச் சமூகங்களுக்கும் இந்த உரிமை உண்டு.

இது ஏதோ வத்திக்கான் போட்ட வரி என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். இல்லை. கதை 1803இல் தொடங்குகிறது. நெப்போலியனின் பிரான்ஸ் ரைன் நதியின் இடது கரையைப் பிடித்துக்கொண்டது. அங்கே நிலம் இழந்த ஜெர்மன் சிற்றரசர்களுக்கு நஷ்ட ஈடாக, ஆயர்களின் ஆட்சிப் பகுதிகளும் மடங்களின் சொத்துகளும் பங்கு போட்டுக் கொடுக்கப்பட்டன. சொத்தை எடுத்துக்கொண்டவர்கள் சர்ச்சின் செலவைத் தாங்குவோம் என்று பொறுப்பேற்றார்கள். கொஞ்ச காலம் தாங்கினார்கள். பிறகு பாரமாகத் தெரிந்ததும், 19ஆம் நூற்றாண்டில் ஒவ்வொரு மாநிலமாக, "உங்கள் ஆட்களிடம் நீங்களே வரி வாங்கிக்கொள்ளுங்கள்" என்று தள்ளிவிட்டன. 1919இன் வைமர் அரசியல் சட்டம் 137ஆம் பிரிவில் இதை உரிமையாக எழுதியது. 1949இன் இப்போதைய அரசியல் சட்டம் 140ஆம் பிரிவின் மூலம் அதை அப்படியே உள்ளே எடுத்துக்கொண்டது. ரோமுடைய சட்டப் புத்தகத்தில் இதற்கு ஒரு சின்னக் கதவுதான் இருக்கிறது. ஆயர் வரி விதிப்பதைப் பற்றிப் பேசும் 1263ஆம் விதியின் கடைசியில், உள்ளூர்ச் சட்டமும் வழக்கமும் இருந்தால் அவை செல்லும் என்று ஒரு வரி. சட்டம் படித்தவர்கள் அதை 'ஜெர்மன் ஷரத்து' என்ற பொருளில் குறிப்பிடுவதுண்டு.

2023இல் இந்த வரியாக ஜெர்மன் கத்தோலிக்கத் திருச்சபைக்கு வந்தது சுமார் 650 கோடி யூரோ. உலகத்தின் பணக்காரத் திருச்சபைகளில் ஒன்றாக அது இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

சரி, நான் கட்டத்தைக் காலியாக விட்டேன், வரி போகவில்லை, கதை முடிந்தது அல்லவா? இல்லை. கத்தோலிக்க நம்பிக்கை குறுக்கே வருவது இங்கேதான்.

<b>அழியாத முத்திரை</b>

கத்தோலிக்கத்தில் உறுப்பினர் ஆவதற்கு விண்ணப்பம் கிடையாது. ஞானஸ்நானம்தான் வாசல். அது ஆன்மாவில் அழிக்க முடியாத ஒரு முத்திரையைப் பதிக்கிறது என்பது திருச்சபையின் போதனை. ஞானஸ்நானம், உறுதிபூசுதல், குருத்துவம் ஆகிய மூன்றையும் ஒருவருக்கு இரண்டாம் முறை கொடுக்கவே முடியாது. விட்டுப் போனவர் திரும்பி வந்தாலும் மறுபடி தண்ணீர் ஊற்ற மாட்டார்கள், ஏனென்றால் முதல் முறை ஊற்றியது இன்னும் செல்லும். மென்பொருள் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், எழுத மட்டும் முடியும், அழிக்கிற கட்டளையே கிடையாது.

அதனால் எங்கள் ஊர் கடற்கரைக் கோயிலில், பிறந்த பதினோராவது நாள் என் தலையில் தண்ணீர் ஊற்றிய கணத்திலேயே நான் உலகம் முழுவதற்கும் கத்தோலிக்கன். பவாரியாவில் குடியேறியதும், எதிலும் கையெழுத்துப் போடாமலே, அந்த முகவரி எந்த மறைமாவட்டத்தில் இருக்கிறதோ அதன் ஆள். ஜெர்மன் வரிச் சட்டமும் இதை ஏற்றுக்கொண்டுதான் நடக்கிறது. 'நான் இங்கே சேரவில்லையே' என்ற வாதம் எடுபடுவது கஷ்டம். இத்தாலியக் கால்பந்து வீரர் லூகா டோனி பேயர்ன் மியூனிக்குக்கு ஆடிய காலத்துச் சர்ச் வரிப் பாக்கி, பின்னால் மியூனிக் நீதிமன்றம் வரை போனது செய்திகளில் வந்ததுதான். அவருடைய சம்பளம் எனக்கில்லை. ஆனால் விதி ஒன்றுதான்.

செயலர் அம்மா இதைத்தான் எனக்கு ஒரே வாக்கியத்தில் சொன்னார்: "நீங்கள் சேர வேண்டியதில்லை, ஏற்கனவே சேர்ந்திருக்கிறீர்கள். நகர அலுவலகத்தில் பதிவைத் திருத்தினால் போதும், எங்கள் திரையில் வந்துவிடுவீர்கள்."

வந்துவிடுவேன், சம்பளப் பட்டியலிலும் வந்துவிடும்.

அன்றைக்கு ராத்திரி மனைவியிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவள் தூத்துக்குடிக்காரி. "எட்டு வருஷமா மிச்சம் பிடிச்சது எங்க?" என்று மட்டும் கேட்டாள். எங்கே என்று எனக்கும் தெரியவில்லை.

வெளியேறுவதும் சுலபம். ஜெர்மனியில் சர்ச்சை விட்டு விலக சாமியாரைப் பார்க்கவே வேண்டாம். இங்கே பிறப்பு, திருமணம், இறப்பு பதிகிற அரசு அலுவலகத்தில், சில மாநிலங்களில் நீதிமன்றத்தில், அடையாள அட்டையைக் காட்டி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, முப்பது யூரோ சொச்சம் கட்டினால் முடிந்தது. 2022இல் மட்டும் 5,22,821 பேர் இப்படிக் கையெழுத்துப் போட்டார்கள். 2023இல் 4,02,694 பேர். 2024இல் 3,21,611 பேர். நாட்டின் கத்தோலிக்கர் எண்ணிக்கை இப்போது இரண்டு கோடிக்கும் கீழே.

அரசுக்கு நீங்கள் வெளியே. ஆனால் முத்திரை அழியாது என்று சொல்கிற திருச்சபைக்கு?

ரோம் 2006இல் ஒரு விளக்கம் கொடுத்தது. அரசு குமாஸ்தாவின் முன்னால் கையெழுத்துப் போட்டதனாலேயே ஒருவர் விசுவாசத்தை விட்டுவிட்டார் என்று கருத முடியாது, உள்ளத்தில் அந்த முடிவு இருக்க வேண்டும், அதைத் திருச்சபை அதிகாரியிடம் தெரிவிக்கவும் வேண்டும் என்றது. இதைப் பிடித்துக்கொண்டவர் ஃப்ரைபுர்க்கில் திருச்சபைச் சட்டப் பேராசிரியராக இருந்த ஹார்ட்மூட் ட்ஸாப். 2007இல் அவர் அரசு அலுவலகத்துக்குப் போய், 'பொதுச் சட்ட அமைப்பு' என்ற சர்ச்சிலிருந்து மட்டும் விலகுகிறேன் என்கிற மாதிரி எழுதிக் கொடுத்தார். விசுவாசத்தில் இருக்கிறேன், வரி அமைப்பில் இல்லை என்பது அவர் நிலை. வழக்கு ஐந்து வருடம் நடந்தது.

2012 செப்டம்பர் 20 தேதியிட்டு ஜெர்மன் ஆயர் பேரவை, ரோமின் ஒப்புதலோடு ஓர் ஆணை வெளியிட்டது. அரசு அலுவலகத்தில் விலகியவர் ஒப்புரவு, நற்கருணை, உறுதிபூசுதல், நோயில்பூசுதல் ஆகியவற்றைப் பெற முடியாது, சாகும் ஆபத்தில் தவிர. ஞானத்தகப்பனாக நிற்க முடியாது. திருச்சபையில் பதவி வகிக்க முடியாது. திருமணத்துக்கு ஆயரின் அனுமதி வேண்டும். சாவதற்கு முன் மனம் மாறியதற்கு அடையாளம் எதுவும் இல்லையென்றால் கிறிஸ்தவ அடக்கமும் மறுக்கப்படலாம். 'விலக்கம்' என்ற தண்டனையின் பெயர் அந்த ஆணையில் இல்லை. பெயர் இல்லாமலே கிட்டத்தட்ட அந்தப் பலன் எல்லாம் இருந்தது. ஆறு நாள் கழித்து, செப்டம்பர் 26இல், லைப்ஸிக்கில் உள்ள மத்திய நிர்வாக நீதிமன்றமும் தீர்ப்புச் சொன்னது: அரசுக்கு முன்னால் பாதி விலகல் கிடையாது. அதன் பின்விளைவைத் தீர்மானிப்பது சர்ச்சின் வேலை.

ஆயர்கள் தரப்பு நியாயம் என்னவென்றால், இது பணத்துக்கான தண்டனை இல்லை, 'நான் இந்தச் சபையில் இல்லை' என்று பொதுவில் சொல்வதே ஒற்றுமையை முறிப்பதுதான் என்பது. விசுவாசிகள் திருச்சபையின் தேவைக்கு உதவக் கடமைப்பட்டவர்கள் என்று 222ஆம் விதி சொல்வது உண்மை. அதே புத்தகத்தில் 848ஆம் விதி, பணமில்லாத காரணத்தால் யாருக்கும் அருட்சாதனம் மறுக்கப்படக் கூடாது என்கிறது. என் பார்வையில் ஆயர்களின் வாதம் காகிதத்தில் சரியாக இருக்கிறது, தெருவில் நிற்கவில்லை. ஆப்பிரிக்காவிலோ அமெரிக்காவிலோ ஒரு கத்தோலிக்கர் வாழ்நாள் முழுக்க காணிக்கைத் தட்டில் ஒரு காசு போடாவிட்டாலும் அவருக்கு நற்கருணை உண்டு. ஜெர்மனியில் இருக்கிறவருக்கு மட்டும், கட்ட மாட்டேன் என்பதற்கு ஒரே வழி வெளியே போவதுதான். ஜெர்மானியரான பதினாறாம் பெனடிக்ட்டே 2011இல் ஃப்ரைபுர்க்கில் பேசும்போது, சொத்தும் சலுகையும் பறிபோன காலங்கள் திருச்சபையைத் தூய்மையாக்கத்தான் உதவின என்ற பொருளில் பேசி, முன்வரிசையில் இருந்த பலரைச் சங்கடப்படுத்தினார். ஆனால் அடுத்த வருடம் அந்த ஆணைக்கு ஒப்புதல் கிடைத்தது அவருடைய ரோமிலிருந்துதான்.

<b>ஒரே கம்பெனி இல்லை</b>

அலுவலகத்தில் என் அணியில் இருக்கும் ஜெர்மன் சக ஊழியர் ஒருத்தி 2022இல் விலகியவள். மதிய உணவின்போது என் பிரச்சினையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

அவள் விலகியது பணத்துக்காக இல்லை. 2018இல் ஆயர்களே ஏற்பாடு செய்த ஆய்வு வெளிவந்தது. 1946 முதல் 2014 வரையிலான கோப்புகளில் 1,670 குருக்கள் மேல் குற்றச்சாட்டு, பாலியல் கொடுமைக்கு ஆளான 3,677 சிறுவர் சிறுமியர். 2022 ஜனவரியில் மியூனிக் மறைமாவட்டத்தின் தனி அறிக்கையும் வந்தது. அவள் சின்ன வயதில் பீடச் சிறுமியாக இருந்தவள். "இடம் மாற்றி இடம் மாற்றி மூடி மறைத்தவர்களுக்கு என் சம்பளத்திலிருந்து ஒரு யூரோகூடப் போகக் கூடாது" என்று முடிவு செய்து கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அவளுடைய பாட்டி அதற்குப் பிறகு ஆறு மாதம் பேசவில்லையாம்.

"நான் வெளியே வந்தேன், அதற்கு விலை கொடுத்தேன்" என்றாள். "நீ கட்டவும் இல்லை, வெளியே போகவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் போகிறாய்."

பதில் சொல்ல வரவில்லை. வாங்கி வைத்த சூப் ஆறிப்போனது.

எனக்கு ஒரு சால்ஜாப்பு இருந்தது. 'இது ஜெர்மன் சர்ச்சின் கணக்கு, நான் எங்கள் ஊர் கோயிலுக்குக் கொடுக்கிறேனே' என்று. கத்தோலிக்கத் திருச்சபையைப் பற்றி வெளியே இருக்கிற பிம்பம், ரோமில் தலைமையகம், ஊர் ஊராகக் கிளைகள் என்பது. உண்மையில் 140 கோடி பேர் உள்ள இந்தச் சபை, மூவாயிரத்தை ஒட்டிய மறைமாவட்டங்களால் ஆனது. ஒவ்வொன்றும் சட்டப்படி தனி ஆள், தனிக் கஜானா. ஆயர் என்பவர் போப்பின் கிளை மேலாளர் இல்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அவரை நியமிப்பது போப், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ரோமுக்கு அறிக்கையோடு போக வேண்டும். ஆனால் அன்றாடப் பணம், பள்ளி, நிலம், சாமியார் மாற்றம் எல்லாம் ஆயர் கையில். ஜெர்மனியின் 27 மறைமாவட்டங்களுக்குள்ளேயே ஏழை, பணக்கார வித்தியாசம் உண்டு. லிம்பூர்க் ஆயர் டெபார்ட்ஸ் ஃபான் எல்ஸ்ட் தன் இல்ல வளாகத்துக்கு மூன்று கோடி யூரோவுக்கு மேல் செலவழித்தது 2013இல் வெடித்தபோது, பக்கத்து மறைமாவட்டங்களே 'எங்களிடம் அவ்வளவு பணம் இருப்பதே தெரியாது' என்கிற முகத்தோடுதான் பார்த்தன. 2014இல் போப் பிரான்சிஸ் அவருடைய பதவி விலகலை ஏற்றார்.

ஆகவே என் பணம் எங்கள் ஊர் கோட்டாறு மறைமாவட்டத்துக்குப் போனால் அது அங்கேதான். இங்கே நான் உட்காருகிற பெஞ்சுக்கு, குளிர்காலத்தில் கோயிலைச் சூடாக்குகிற எரிவாயுவுக்கு, யாரோ கட்டுகிறார்கள். அந்த யாரோ நான் இல்லை.

இதை எனக்கு நேராகச் சொன்னவர் ஒரு யாழ்ப்பாணத்து ஐயா. வருடம்தோறும் ஆகஸ்டில் கெவலார் மாதா கோயிலுக்கு ஜெர்மனியிலிருந்தும் சுற்றுப்பட்ட நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கில் தமிழர்கள் திரள்வார்கள். மடுவுக்குப் போக முடியாதவர்களுக்கு அதுதான் மடு. இந்துக்களும் மெழுகுதிரியோடு வருவார்கள், ஹாம் காமாட்சி அம்மன் தேருக்கு நாங்கள் போகிற மாதிரி. அங்கே மரத்தடியில் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே ஐயாவிடம் இந்த வரிக் கதையைப் புலம்பினேன். அவர் எண்பதுகளில் அகதியாக வந்தவர், தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்.

"தம்பி, நாங்கள் முகாமில கிடக்கேக்க, தமிழில பாவசங்கீர்த்தனம் கேக்க ஒரு சாமியாரைத் தேடிப் பிடிச்சுத் தந்தது ஆர்? அவருக்குச் சம்பளம், கார், பெட்ரோல்? பிள்ளையளுக்குப் புதுநன்மை வகுப்பு நடத்த மண்டபம்? ஆற்ற காசு அது? வெள்ளைக்காரக் கிழவியள் கட்டின காசு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சேர்த்தார்: "எனக்கும் இவங்களில கோவம் இருக்கு. ஆனா பத்து மார்க் எண்டாலும் நான் கட்டிப்போட்டுத்தான் கோவப்பட்டனான்."

இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகள் இதைப் படித்தால் ஒரு விஷயம் கவனியுங்கள். உங்களில் ஜெர்மனியில் பிறந்து ஞானஸ்நானம் வாங்கியவர்களுக்குக் காலியாக விடுகிற வாய்ப்பே கிடையாது. முதல் சம்பளத்திலேயே அந்த இரண்டு எழுத்து, 'ஆர்கே', ரோமன் கத்தோலிக்கம் என்று வந்து நிற்கும். நிறையப் பேர் அன்றைக்குத்தான் முதல்முறையாக 'நான் இதில் இருக்கிறேனா' என்று யோசிக்கிறார்கள், விலகவும் செய்கிறார்கள். அவர்கள் குறைந்தபட்சம் யோசித்தார்கள்.

<b>ஊர் வரி</b>

எங்கள் ஊரில் இந்த மாதிரி இல்லையே என்று அம்மாவிடம் பேசும்போது சொன்னேன். அம்மா சிரித்தாள். "என்னது இல்ல? ஒங்கப்பா வள்ளத்துல போன காலத்துல மீன் வித்த காசுல கோயிலுக்குப் பங்கு பிடிச்சிட்டுத்தான மக்கா மிச்சம் கைக்கு வரும்? பாக்கி இருந்தா கல்யாண ஓலை வாசிப்பாங்களா?"

மறந்தே போயிருந்தேன். எங்கள் கடற்கரை ஊர்களில் பிடித்த மீனில் ஒரு பங்கு கோயிலுக்கு. அதில் திருவிழா, பள்ளிக்கூடம், தூண்டில் வளைவுக்கான போராட்டச் செலவு எல்லாம் நடக்கும். குடும்ப வரிப் பாக்கி இருந்தால், கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்கிற ஓலை நிற்கும். கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கு வந்து, பேசி, குறைத்து, தவணை போட்டுக் கொடுத்து முடிப்பார்கள். விதி கடுமைதான். ஆனால் கடல் மோசமாக இருந்த வருடம் எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கு ஒரு வருடம் முழுப் பாக்கியையும் தள்ளுபடி செய்திருக்கிறார்கள். ஜெர்மன் முறையில் சம்பளம் குறைந்தால் வரியும் தானாகக் குறையும், அது நியாயம்தான். ஆனால் வீட்டுக்கு வந்து பேச ஆள் இல்லை. கணினி பிடிக்கிறது, கணினி நிறுத்துகிறது.

நான் இதை ஞானோதயம் மாதிரி எழுத விரும்பவில்லை. உண்மையைச் சொன்னால், தங்கச்சி கூப்பிட்டிருக்காவிட்டால் இன்னும் பத்து வருடம் அந்தக் கட்டம் காலியாகவே இருந்திருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை விடுப்பு எடுத்து நகர அலுவலகத்துக்குப் போனேன். பத்து நிமிட வேலை. அலுவலர் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார், "எல்லோரும் எடுக்கத்தான் வருவார்கள், போட வருகிறவர் குறைவு" என்றார். பிறகு பங்கு அலுவலகத்தில் செயலர் அம்மா திரையைப் பார்த்துத் தலையசைத்துக் கடிதத்தை அச்செடுத்துக் கொடுத்தார். வரியோடு நற்கருணையைக் கட்டிப்போட்ட அந்த 2012 ஆணை தவறு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதைச் சொல்ல, உள்ளே ஒரு பெஞ்சு வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்து மறைமாவட்ட வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. எப்போது ஞானஸ்நானம், எந்தப் பங்கு, எந்தத் தேதியிலிருந்து இங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேள்விகள். உண்மையை எழுதி அனுப்பிவிட்டேன். பின்தேதியிட்டு எத்தனை வருடத்துக்குக் கேட்பார்கள் என்பது இன்னும் முடிவாகவில்லை. மனைவி ஒரு தனிக் கணக்கில் பணம் ஒதுக்கத் தொடங்கியிருக்கிறாள்.

ஞானஸ்நானச் சான்றிதழின் புதுப் பிரதியும் வேண்டும் என்றார்கள். இதைப் பற்றி ஒரு மென்பொருள்காரனாக நான் வியந்துபோனேன். கத்தோலிக்கத் திருச்சபைக்கு மைய சர்வர் கிடையாது. உங்களுக்கு ஞானஸ்நானம் நடந்த பங்கில் இருக்கிற அந்தப் புத்தகம்தான் மூலப் பதிவு. உலகத்தின் எந்த மூலையில் உறுதிபூசுதல் நடந்தாலும், கல்யாணம் நடந்தாலும், குருப்பட்டம் வாங்கினாலும், அங்கிருந்து தகவல் வந்து அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதப்பட வேண்டும். ஜெர்மனியில் விலகினால் அதுவும் ஞானஸ்நானப் புத்தகத்தில் ஏற வேண்டும். அன்றைக்கு 35 யூரோ கட்டி நான் கையெழுத்துப் போட்டிருந்தால், எங்கள் ஊர் கோயில் அலமாரியில், கரையான் அரித்த அந்தப் புத்தகத்தில், எங்கள் உபதேசியார் கையால் ஒரு வரி ஏறியிருக்கும்.

உபதேசியாருக்கு போன் செய்தேன். அவர் எனக்கு ஜெபம் சொல்லிக் கொடுத்தவர், இப்போது கண் சரியாகத் தெரியாது. பேரனை விட்டுப் பக்கத்தைப் புரட்டச் சொல்லி, வாட்ஸ்அப்பில் படம் காட்டினார். என் பெயர், அப்பா அம்மா பெயர், ஞானப் பெற்றோர் பெயர், நீல மை மங்கிப் போயிருந்தது. ஓரத்தில் உறுதிபூசுதல் தேதி சரியாக இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

"கல்யாணம் எங்க வச்சு நடந்துச்சு?" என்றார்.

"தூத்துக்குடியில. 2019இல."

"அங்க இருந்து தாள் வரலயே மக்கா. இதும்படி நீ இன்னும் கல்யாணம் ஆகாத பையன்."

பின்னால் நின்றுகொண்டிருந்த மனைவி போனை வாங்கி, தன் பங்குச்சாமியார் நம்பரை உபதேசியாரிடம் எழுதிக்கொள்ளச் சொன்னாள்.